ஏழு மேடுகள்

அவனிடம் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனைப் பற்றிச் சொல்ல வேறு பல விஷயங்கள் இருந்தாலும் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

வாணியம்பாடியில் நாங்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, மறுநாள் நடக்கவேண்டிய பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் அவனுக்கு ஃபோன் செய்தான். விளையாட்டுக்குத்தான். எப்படியும் இன்னொருத்தனைக் கேட்பான், பதறுவான், நாம் சிரிக்கலாம் என்று நினைத்தோம். அவன் யாரையும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் சண்டைக்கு வருவான் என்று பயந்துகொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். வந்தான். ஃபோன் செய்தவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "பேப்பர் போச்சு தோஸ்த், பேஜாராயிடுச்சி. உனக்கு எவனோ தப்பா சொல்லிக்கிறான் பாரு, நீயும் அத நம்பிட்ட" என்றான். பிறகு என் தட்டிலிருந்து ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தான்.

தன்னை ஒருவன் ஏமாற்றினான் என்பது அவன் மண்டைக்குள் போகவே இல்லை. ஏமாற்றியவனையும் யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அந்த ஃபோன் போனபோது பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவனுடைய வாப்பா தோல் வியாபாரி. படிப்பு முடிந்ததும் மகனைக் கிடங்கில் உட்கார வைத்தார். ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாக வரும். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தோலையும் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா, கத்தி பட்டிருக்கிறதா என்று விரலால் தடவி ரகம் பிரிக்க வேண்டும். கொண்டுவந்தவர், "எல்லாம் ஒரே ரகம்தான் தம்பி, மேல பாத்தா போதும்" என்று சொல்லியிருக்கிறார். இவன் மேலே இருந்த நான்கு தோலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அடியில் இருந்ததெல்லாம் சல்லடை. வாப்பா அதிகம் திட்டவில்லையாம். "திருப்பிப் பாக்காதவனுக்கு இந்தத் தொழில் இல்ல" என்று சொல்லிவிட்டு, லோடு வண்டியின் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் பெருநாள் களை. "வண்டி எனக்குத்தான் தோஸ்த்! காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டலாம்!"

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் குவாலிட்டி செக்ஷனில் சேர்ந்திருந்தேன். தையல் விலகியிருக்கிறதா, பசை வெளியே வந்திருக்கிறதா, இரண்டு காலும் ஒரே நிறமா என்று பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான ஷூக்களைத் திருப்பித் திருப்பிச் சந்தேகப்படுவேன். அவன் தோல் இறக்க வரும்போதெல்லாம் கேட்டில் நின்று என்னைக் கூப்பிடுவான். டீ குடிப்போம்.

ஒருநாள், "ராலி ஓட்டப் போறேன். நீதான் நேவிகேட்டர்" என்றான்.

"இன்னாடா திடீர்னு? எனக்கு கார் ஓட்டவே தெரியாது."

"ஓட்ட வாணாம். படிச்சா போதும். காலேஜ்ல ஏலகிரி டூர் போனமே, அத்தினி வளைவுலயும் நீ பஸ்ல ரெக்கார்ட் நோட்டு எழுதினு வந்த. எல்லாரும் வாந்தி எடுத்தானுங்க. நீ எடுக்கல. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

என் வாழ்க்கையில் எனக்கு இருக்கிற ஒரே அபூர்வத் திறமை அதுதான்: குலுங்குகிற வண்டியில் தலை சுற்றாமல் படிப்பது. அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

ராலி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அது வட்டமான மைதானத்தில் ஓட்டுவது அல்ல. காட்டுப்பாதை, மண்பாதை, தோப்பு. ஒவ்வொரு காராகத் தனித்தனியே விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறானோ அவன் ஜெயித்தான். போட்டிக்கு முன்னால் அந்தப் பாதையில் மெதுவாக ஒருமுறை போக விடுவார்கள். அப்போது ஓட்டுகிறவன் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கிறவன் நோட்டில் எழுதிக்கொள்வான். போட்டியின்போது அவன் அதைப் படிப்பான், இவன் ஓட்டுவான். வளைவுக்கு எண் உண்டு. ஒன்று என்றால் கொண்டை ஊசி. ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர்பாதை. அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "வலது நாலு, ஐம்பது, இடது ரெண்டு" என்று ஹெல்மெட் மைக்கில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் தப்பு.

அவனுடைய மாமா ஒருவர் பைபாஸ் ஓரம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அவர் பழைய கார் ஒன்றைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். மாதனூர் பக்கம் வறண்ட ஏரி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினோம். ஏரிக்கரையில் ஒரு மேடு இருந்தது. ஏறும்போது கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் பாதை நேராகப் போகிறதா, திரும்புகிறதா, பள்ளமா, ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறையும் அங்கே வேகம் குறைத்தான். நான் இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நேராத்தான் போவுது" என்றேன்.

"அப்போ வெறும் மேடுன்னு சொல்லாத. நேரா இருந்தா 'மேடு, நம்பு'ன்னு சொல்லு. நான் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்க மாட்டேன்."

மறுமுறை வந்தபோது அப்படியே சொன்னேன். அவன் காலை எடுக்கவில்லை. கார் நான்கு சக்கரமும் மண்ணைவிட்டு எழும்பி அந்தப் பக்கம் இறங்கியது. நான் கத்தினேன். அவன் சிரித்தான்.

கோயம்புத்தூர் பக்கம் நடந்த ஒரு ராலியில் எங்களுக்குச் சற்று முன்னால்தான் ஒரு கார் போயிருந்தது. அது கிளப்பிய புழுதி காற்றில்லாமல் அப்படியே பாதையில் தொங்கியது. பானெட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள். இவன் குறைக்கவில்லை. நான் படித்தேன், அவன் திருப்பினான். என் வாய்க்கும் அவன் காலுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லாமல் ஆறேழு கிலோமீட்டர் போனோம். முடித்து வெளியே வந்தபோது வேறொரு ஓட்டுநர் ஓடிவந்து, "அந்தப் புழுதியில உனக்கு எப்படிப்பா ரோடு தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"எனக்கு எங்க தெரிஞ்சுது. இவன் சொன்னான்" என்று என்னைக் காட்டினான்.

அன்று மூன்றாம் இடம். பேப்பரில் அவன் படம் வந்தது. என் படம் வரவில்லை. பெயர் வந்தது, அதிலும் ஓர் எழுத்துப் பிழை. பெரிய விஷயம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பேப்பரை நான் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அவன் வீட்டுக்குப் போனால் அவனுடைய அம்மா, அவர்கள் வீட்டில் அம்மி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "இவன் யார் எது சொன்னாலும் சரி சரின்னுவான் பேட்டா. பக்கத்துல நீ இருக்கிறதாலதான் நான் தூங்கறேன்" என்பார். நான் தலையாட்டுவேன். பொய்யில்லை. அந்த நாட்களில் உண்மையாகவே அவனைப் பார்த்துக்கொண்டேன். அவனுக்காக எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கிறவனாக இருந்தேன்.

மூன்றாவது வருட சீசன் பாதியில் அந்த அழைப்பு வந்தது. நாட்டிலேயே பெரிய ராலி டீம்களில் ஒன்று. அவர்களுடைய முதல் ஓட்டுநருக்குக் கை உடைந்து, மீதிப் போட்டிகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். புழுதியில் ஓட்டிய பையனைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட் ஒன்று ஓட்டிக் காட்டு, சரியாக இருந்தால் அடுத்த போட்டியே உன்னுடையது என்றார்களாம். அவன் ஃபேக்டரி கேட்டுக்கு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது.

"என் நேவிகேட்டரும் வருவான்னு சொல்லிட்டேன். சரின்ட்டாங்க. நம்ம ரெண்டு பேரும் போறோம் தோஸ்த்!"

நானும் அவனைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தனியாக ஒரு ஃபோன். டீமின் மேனேஜர். ஒரு பெண். நிதானமான குரல்.

"நீங்க நல்லாப் படிக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஆனா நேரடியாச் சொல்லிடறேன். எங்ககிட்ட நேவிகேட்டர் இருக்கார். ஆறு வருஷமா இருக்கார். டெஸ்டுக்கு மட்டும் நீங்க வாங்க, உங்க ஃப்ரெண்டுக்குப் பழகின குரல் வேணும். இத இப்ப அவர்கிட்ட சொல்ல வேண்டாம். மனசு கலங்கிடும் பாருங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவனிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இவன் இல்லாமல் வரமாட்டேன் என்று அந்தக் கணமே சொல்லியிருப்பான். அவனைப் பிடித்து நிறுத்த உண்மையே போதும். ஆனால் நட்பைச் சொல்லி நிறுத்தினேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நான் எதுவும் கேட்காமலேயே அவன் தேறாமல் திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அதை இவ்வளவு தெளிவாக அன்று நினைத்தேனா என்றால், இல்லை. ஆனால் நினைக்காமலும் இல்லை.

டெஸ்ட் ஓசூர் தாண்டி ஒரு தைலமரத் தோப்பில் நடந்தது. காலையில் மெதுவாகப் பாதையைச் சுற்றி வந்து நோட்டு எழுதினோம். மேடுகள் நிறைந்த பாதை. அவன் ஒவ்வொன்றிலும் நிறுத்தி இறங்கி அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இது நம்பு, எழுதிக்கோ" என்பான். எழுதினேன். எழுதிவிட்டால் அதை அவன் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள மாட்டான், அது என் வேலை.

அவர்களுடைய நேவிகேட்டரும் அங்கே இருந்தார். எனக்கு வணக்கம் சொல்லி, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அவரை வெறுக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவனுக்கு டீமின் ரேஸ் உடையைக் கொடுத்தார்கள். தோளில் கொஞ்சம் பெரியது. "அம்மிக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடு" என்று மொபைலைக் கொடுத்தான். காரில் கை வைத்து நின்றான். எடுத்தேன். அவன் ஹெல்மெட் எடுக்கப் போனபோது மரத்தடியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். ஏழு இடத்தில் 'நம்பு' இருந்தது.

முதல் மேட்டில் அந்த வார்த்தை வாய் தவறி விட்டுப்போனது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. மரத்தடியிலேயே எண்ணி வைத்துவிட்டேன். யாருக்கும் அடிபடாது. தப்பான எண் எதுவும் சொல்லப் போவதில்லை. பொய்யே இல்லை. ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விடப் போகிறேன், அவ்வளவுதான். இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டுதான் காரில் ஏறி பெல்ட்டை மாட்டினேன்.

"இடது நாலு, எண்பது, மேடு" என்றேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் கால் விலகியது. எஞ்சின் சத்தம் இறங்கியதை என் முதுகு உணர்ந்தது. மேடேறி, அந்தப் பக்கம் நேர்பாதையைப் பார்த்த பிறகு மறுபடி அழுத்தினான். இரண்டாவது மேட்டிலும் அப்படியே. மூன்றாவதைத் தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் அவன் குரல் வந்தது.

"சூப்பரா படிக்கற தோஸ்த். அப்டியே போ."

அதற்குப் பிறகும் நான்கு இருந்தன. நான்கையும் விட்டேன்.

முடித்தபோது நேரம் அவர்கள் எதிர்பார்த்ததைவிட ஒன்பது விநாடி கூடுதல். ராலியில் அது ஒரு யுகம். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, "எங்கியோ மெதுவா போயிட்டேன்" என்றான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

மேனேஜர் காருக்குள் இருந்த கேமராவின் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே கேட்டார். நோட்டை இப்படி வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. பாதியில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டார். பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"இதென்ன வார்த்தை, 'நம்பு'?"

"அது எங்க வார்த்தை மேடம். மேட்டுக்கு அந்தப் பக்கம் நேரா இருந்தா சொல்றது. அது வந்தா நான் கால எடுக்க மாட்டேன்." பெருமையாகத்தான் சொன்னான்.

"நோட்டுல ஏழு எடத்துல இருக்கு. ரெக்கார்டிங்ல ஒரு எடத்துலயும் இல்லையே."

அவன் நோட்டைக் கையில் வாங்கினான். முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். காற்றில் தாள் ஒட்டிக்கொண்ட இடத்தில் விரலால் பிரித்துப் பார்த்தான். கடைசிப் பக்கம் வந்ததும் ஒருமுறை என்னைப் பார்த்தான். ஒரே ஒருமுறைதான்.

"நான்தான் வாணாம்னு சொன்னேன் மேடம்" என்றான். "புது வண்டி, தெரியாத ரோடு. மொத தடவ நெதானமா போலாம்னு நான்தான் சொன்னேன்."

அவன் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இன்னொரு தடவ போங்க. இப்ப எங்க ஆள் படிக்கட்டுமா?"

"வாணாம் மேடம். இவனே படிப்பான்."

மறுபடியும் ஏறினோம். பெல்ட் மாட்டும்போது, "நோட்டுல எழுதினத படி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. டீ சொல்வது மாதிரிச் சொன்னான்.

முதல் மேடு வந்தது. "மேடு, நம்பு" என்றேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே மேட்டில் கைவிடப்பட்டவன், அந்த ஒரு இடத்திலாவது காலைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். எடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! எஞ்சின் சத்தம் ஓர் இழைகூட இறங்கவில்லை. கண்ணாடி முழுக்க வானம். பிறகு இறங்கினோம். ஏழு முறையும் அப்படித்தான்.

அந்த டீமில் அன்று வரை யாரும் அந்தப் பாதையில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. மேனேஜர் கைகொடுத்தார். அடுத்த போட்டிக்கு நீதான் என்றார். பிறகுதான் நேவிகேட்டர் விஷயத்தை எடுத்தார். அவன் முகம் சுருங்கியது. "இவன் இல்லாம எப்டி மேடம்?"

நான் முந்திக்கொண்டேன். "நீ போடா. நானே வரலைன்னு மேடம்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். எங்கப்பாவுக்கு சுகர் ஜாஸ்தியாயிடுச்சி. ஊரூரா சுத்த முடியாது."

என் அப்பா அன்று காலைதான் சைக்கிள் மிதித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது மேனேஜருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் மட்டும், "என்கிட்ட ஏன் சொல்லல? அப்பா எப்டி இருக்காரு?" என்று பதறினான்.

ஊருக்கு பஸ்ஸில் வந்தோம். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தான். நாட்றாம்பள்ளி தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"தோஸ்த், ஒண்ணு கேக்கறேன். பயந்துட்டியா?"

"இன்னாது?"

"அந்த ஏழு மேட்டுல. நம்ம வண்டி மாதிரி இல்ல அது, வேகம் ஜாஸ்தி. எனக்கு எதனா ஆயிடும்னு பயந்துதான் சொல்லாம வுட்டியா?"

அதில் சூழ்ச்சி இல்லை. ஆழம் பார்க்கவில்லை. பஸ் ஏறியதிலிருந்து அவன் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான். என்னை எப்படியாவது நல்லவனாக வைத்திருக்க ஒரு காரணத்தைத் தேடித் தேடி, கண்டுபிடித்து, கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது.

"ஆமாண்டா" என்றேன்.

"அதான்! நான் அப்டித்தான் நெனச்சேன்." பெரிய மூச்சு விட்டான். என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். வாணியம்பாடியில் இறங்கி, பஸ் கிளம்பும் வரை கீழே நின்று கையாட்டினான். அந்த ஏழு மேடுகளைவிட இந்த ஒரு 'ஆமாம்'தான் என்னை அதிகம் அரிக்கிறது. மேட்டில் செய்ததற்குப் பொறாமை என்று ஒரு பெயராவது இருக்கிறது.

அவன் அந்த சீசனிலேயே இரண்டு போட்டிகளில் மேடை ஏறினான். மறுவருடம் ஜெயிக்க ஆரம்பித்தான். யூடியூபில் ஒரு பேட்டி வந்தது. ஆரம்ப நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். வாப்பாவைப் பற்றி, மாமாவின் ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, என் பெயரைச் சொன்னான். "டெஸ்ட் அன்னிக்கு எனக்கு எதனா ஆயிடும்னு பயந்து, வேகமா போற எடத்துலல்லாம் சொல்லாம வுட்டான். சீட்டு போனா போவுது, நான் உசுரோட இருந்தா போதும்னு நெனச்சான். அந்த மாதிரி ஒரு தோஸ்த் யாருக்குக் கெடைப்பான்?" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

எங்கள் ஃபேக்டரியில் அந்த வீடியோ ஒவ்வொரு மொபைலாகச் சுற்றியது. தையல் செக்ஷன் பெண்கள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஒரு அக்கா, "நீங்க பேசவே மாட்டீங்க, மனசு எவ்ளோ பெருசு சார்" என்றார். என் மனைவி அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தாள். இருபத்துநாலு மணி நேரம் அது அங்கே இருந்தது. அவ்வளவு நேரமும் நான் வீட்டுக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கேட்டில் வந்து நின்றான். டீம் பெயர் போட்ட சட்டை. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. மற்றபடி அவனேதான். எதிரில் டீக்கடைக்குப் போனோம். அம்மியைப் பற்றிக் கேட்டேன், அப்பாவின் சுகரைப் பற்றிக் கேட்டான். அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேனேஜரின் ஃபோன், மரத்தடியில் உட்கார்ந்து எண்ணியது, வேண்டுமென்றே விட்டது, பஸ்ஸில் சொன்ன பொய். அப்பாவுக்கு அன்று ஒன்றுமே இல்லை என்பதையும் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவன் கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"போ தோஸ்த்! சும்மா கதை வுடாத."

"சத்தியமாடா."

"உன் கை நடுங்குச்சி. நோட்டு ஆடினே இருந்துச்சி. ஒவ்வொரு மேட்டுலயும் ஓரக்கண்ணால பாத்தேன். திட்டம் போட்டு பண்றவன் கை அப்டி ஆடாது. அன்னிக்கு நீ எனக்காக எவ்ளோ பயந்தன்னு எனக்குத் தெரியும். இப்ப எல்லாரும் புகழ்ந்து பேசறது உனக்குக் கூச்சமாக்கீது, அதான் இப்டிப் பேசற."

கை நடுங்கியிருக்கும். அது எனக்கு இத்தனை நாளும் தெரியாது.

இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன், நான் சொன்ன உண்மையை நம்பவில்லை. டீயை ஊதிக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னான். அவர்களுடைய நேவிகேட்டர் இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறாராம். இவன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். மேனேஜர் முதலில் யோசித்திருக்கிறார். இவன் விடவில்லை.

"வர்றியா?"

எதிரே ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவன் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காரில், அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எந்த மேட்டில் எது என் வாயில் வரும், எது வராது என்று எனக்கே உறுதியில்லை.

"வாணாண்டா. வேற ஆளப் பாரு."

"ஏன்?"

உண்மையான காரணத்தை இப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

"வீட்ல வுட மாட்டா" என்றேன். என் மனைவியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியது கிடையாது.

அவன் காலி டம்ளரை பெஞ்சில் வைத்தான்.

"தங்கச்சி சொல்றதும் நியாயம்தான்" என்றான்.